பனிக்குச் சொன்ன யோசனையைச் சேற்றில் செய்து பார்த்தேன்

குறுவை அறுப்பு முடிகிற நேரம். செயின் மிஷின், அதாவது செயின் சக்கர அறுவடை இயந்திரம், ஒரு வயலை முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போகும்போது தார் ரோட்டில் ஏறி இறங்கியிருக்கிறது. அந்த இடத்தில் இருபதடி நீளத்துக்குக் களிமண் அப்பிக் கிடந்தது. அதன் மேல் தூறல். நான் 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்துகொண்டிருந்தேன். பிரேக்கைத் தொடவில்லை. சட்டென்று தாண்டிவிடலாம் என்று ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தேன். முன்பக்கம் நேராகப் போனது. பின்பக்கம் அதன் பாட்டுக்கு இடப்பக்கம் நழுவியது. இடது பின்சக்கரம் தாரை விட்டு இறங்கி, சொத்தென்று உட்கார்ந்துவிட்டது.

இடப்பக்கம் வயல், வலப்பக்கம் ஆறு. வயல் பக்கம் இறங்கியதே போதும் என்று இருந்தது.

இடம் நீடாமங்கலத்தை அடுத்து. வெண்ணாறு அங்கேதான் மூன்றாகப் பிரிகிறது: பாமணியாறு, கோரையாறு, மிச்சம் வெண்ணாறு. மூன்றில் ஒன்றின் கரை மேல் போகிற ரோட்டின் கடைசியில் எங்கள் வீடு. கரை ரோடு எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒற்றை வண்டி அகலம், நடுவில் மேடு, இரண்டு ஓரமும் சரிவு, ஓரத்தில் கல்லும் கிடையாது, கட்டையும் கிடையாது.

கார் 2010 மாடல். ஜெர்மன்காரன் செய்தது, நாலு கதவு, டீசல், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். எஞ்சின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில். கம்பெனி பெயர் எதற்கு, இனிமேல் எழுதப்போகிற சங்கடங்களில் பாதி என்னால் வந்தவை, மீதி காரின் வயசால் வந்தவை. மாசி மாதம் சென்னையில் மூன்றாவது கையாக வாங்கினேன். ஈசிஆரில் ஓட்டிப் பார்த்தபோது, வளைவை விட்டு வெளியே வரும் நேரத்தில் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுகிற மாதிரி இருந்தது. அதில் மயங்கியவன்தான். அதே தள்ளல் ஐப்பசியில் கரை ரோட்டில் என்ன செய்யும் என்று அப்போது யோசிக்கவில்லை.

போன் போட்டதும் சித்தப்பா டிவிஎஸ் 50-இல் வந்தார். கேரியரில் ஒரு கட்டு வைக்கோல், நாலு சாக்கு, ஒரு மண்வெட்டி. மன்னார்குடி ஸ்டாண்டில் இருபத்திரண்டு வருஷம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு மிதிச்ச?"

"நல்லா மிதிச்சேன் சித்தப்பா. நகரவே இல்ல."

"அதான் குழி வெட்டி வச்சிருக்க."

உண்மைதான். 255 மில்லிமீட்டர் அகல டயர் சுற்றிச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டியிருந்தது. டயரின் வெட்டுகள் எல்லாம் களிமண்ணால் அடைந்து, வெண்ணெய் தடவிய உருளை மாதிரி வழவழவென்று இருந்தது. சாக்கு போட்டோம், வைக்கோல் திணித்தோம். மிதித்தால் மீட்டரில் மஞ்சள் விளக்கு மின்னுகிறது, எஞ்சின் முனகுகிறது, கார் நகரவில்லை. கடைசியில் டிராக்டர்தான். டிராக்டர் தம்பி கயிற்றை அடியில் தெரிந்த ஒரு கையில் கட்டப்போனார். சித்தப்பா பிடித்து நிறுத்தினார். அது சஸ்பென்ஷன் கை, அலுமினியம். இழுத்திருந்தால் வளைந்திருக்கும். இழுக்கும் கொக்கி டிக்கிக்குள் டூல்கிட்டில் இருந்தது. முன் பம்பரில் ஒரு சின்ன மூடியைத் தட்டித் திறந்து, கொக்கியை மரை தீரும்வரை முறுக்கி, அதில் கட்டி மெதுவாக இழுத்தார்கள். பத்து நிமிஷ வேலை. அதுவரை நாங்கள் முக்கால் மணி நேரம் மழையில் நின்றோம்.

அன்று ராத்திரி கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கும் அத்தை மகனைக் கூப்பிட்டேன். அவனும் இதே மாதிரி பின்சக்கர இழுவைக் கார்தான் வைத்திருக்கிறான், எட்டுக் குளிர்காலம் ஓட்டிவிட்டான். சிரித்தான்.

"மச்சான், ஜனவரில எங்க வீட்டு வாசல்லயே இது நடக்கும். சொல்றேன், எழுதிக்க."

குளிர்கால டயர். ஒல்லியான டயர். டிக்கியில் பாரம். இரண்டாம் கியரில் கிளப்புவது. மாட்டிக்கொண்டால் டிராக்ஷன் பட்டன். ஒரு மண்வெட்டி. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். காலையில் சித்தப்பா அதை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "இதுல பாதி எங்க ஸ்டாண்டுல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானடா" என்றார். மறந்தே போயிருந்தேன், அம்பாசடரும் பின்சக்கர இழுவைதான். டயர் அகலம் 5.90 அங்குலம், கிட்டத்தட்ட 150 மில்லிமீட்டர். அதை வைத்துக்கொண்டு கார்த்திகை மழையில் பிரசவத்துக்கு ஆள் ஏற்றிப் போனவர்கள் அவர்கள்.

ஆக, நோட்டில் இருந்ததை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பது, பனிக்குச் சொன்னதில் எது சேற்றுக்கு ஒத்துவருகிறது, எது வராது என்று குறித்து வைப்பது. இது அந்தக் குறிப்பு.

முதலில் ஏன் பின்பக்கம் போனது என்பது. டயர் தரையைப் பிடிப்பதற்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவுக்குள்தான் முன்னே தள்ளவும் வேண்டும், பக்கவாட்டில் நழுவாமல் நிற்கவும் வேண்டும். சக்கரம் வெறுமனே சுழல ஆரம்பித்துவிட்டால் முழுப் பிடிப்பும் சுழற்சிக்கே போய்விடுகிறது, பக்கவாட்டுக்கு மிச்சமில்லை. ரோட்டின் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வால் இறங்கும். முன்சக்கர இழுவைக் காரில் இதே தப்பைச் செய்தால் முன்பக்கம் நழுவும், ஸ்டியரிங் கேட்காது, காலை எடுத்தால் பெரும்பாலும் தானாகத் திரும்பிவரும். எஞ்சின் பாரம் முழுக்க இழுக்கிற சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பதும் அந்தக் கார்களுக்கு வசதி. என் காரில் முன்னும் பின்னும் பாதிக்குப் பாதி. அந்தச் சமநிலைக்காக பாட்டரியைக்கூட டிக்கியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். காய்ந்த ரோட்டில் அது சுகம்.

இன்னொன்று டீசல் டர்போ. 1,500 சுற்று வரைக்கும் சாது மாதிரி இருக்கும், அப்புறம் ஒரே மூச்சில் வரும். முதல் கியரில் அந்த மூச்சு சேற்றில் வந்தால் முடிந்தது.

டயர் வேலைக்கு வருகிறேன். மச்சான் குளிர்கால டயரைத்தான் முதலில் சொன்னான். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். அவன் இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு. மலைக்குள் பனிப்பூ வரைந்த முத்திரை பார்த்து வாங்குவார்கள். சாதாரண ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகிப்போகும், குளிர்கால ரப்பர் இளகியே இருக்கும். ஐப்பசி ராத்திரியில்கூட நம் ஊர் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இங்கே அந்த டயரைப் போட்டால் அழிரப்பர் மாதிரி தேய்ந்துவிடும்.

சரி, ரப்பரை விடுவோம், அதன் வெட்டுகளாவது உதவுமா என்று பார்த்தேன். இங்கேதான் பனியும் சேறும் பிரிகின்றன. குளிர்கால டயரில் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் இருக்கும். அவற்றில் பனி போய் அடைய வேண்டும். பனி பனியைப் பிடிக்கும், கையில் அள்ளி அமுக்கினால் உருண்டையாகி நிற்கிறதே, அந்தக் குணம். டயருக்குள் அடைந்த பனி ரோட்டில் கிடக்கிற பனியைக் கவ்விக்கொள்ளும். களிமண் அப்படியில்லை. அடைந்த களிமண் ரோட்டுக் களிமண் மேல் வழுக்கும். பனி டயருக்குள் தங்க வேண்டும், களிமண் வெளியேற வேண்டும். எனக்கு வேண்டியது மெல்லிய கீறல் இல்லை, அகலமான பள்ளம், தோளில் திறந்த வெட்டு.

ஒல்லி டயர் யோசனை இரண்டுக்கும் பொது. பனியோ சேறோ, அடியில் தார் இருந்தால் ஒல்லி டயர் கிழித்துக்கொண்டு தாரைத் தொடும். அகல டயர் மேலேயே மிதக்கும். என் காரில் முன்னால் 225/45, பின்னால் 255/40 (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது), இரண்டும் 17 அங்குல ரிம், பஞ்சரானாலும் ஓடுகிற விறைப்பான ரன்ஃபிளாட் டயர்கள். இதே காரின் கீழ் ரகத்துக்குக் கம்பெனியே கொடுத்த அளவு 205/55, 16 அங்குலம். கணக்குப் போட்டேன்: பின்டயரின் மொத்த உயரம் 636 மில்லிமீட்டரிலிருந்து 632 ஆகிறது. மீட்டரில் தெரியவே தெரியாது. பக்கச் சுவர் மட்டும் 102-லிருந்து 113 ஆக வளர்கிறது, குழிக்கு நல்லது. 205/55 16 எந்த ஊர் டயர் கடையிலும் கிடைக்கிற அளவு என்பது இன்னொரு லாபம்.

ரிம்மைச் சென்னை புதுப்பேட்டையின் பழைய கார் பாகக் கடைகளில் தேடி எடுத்தேன். பார்க்க வேண்டியது மூன்று: ஐந்து போல்ட்டும் 120 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்க வேண்டும், நடு ஓட்டை 72.6 இருக்க வேண்டும், பிரேக் காலிப்பர் உள்ளே இடிக்கக் கூடாது. மூன்றாவதை ரிம் வாங்கிய பிறகு பார்த்தேன். விரல் நுழையும் அளவு இடம் இருந்தது, பிழைத்தேன். வாங்குவதற்கு முன் பாருங்கள்.

மாட்டும் வேலையை வீட்டிலேயே செய்தேன். இந்தக் காரில் ஸ்டட், நட் கிடையாது. ஹப்பில் மரை இருக்கும், போல்ட்டை அதில் நேராக முறுக்க வேண்டும். அதாவது பதினைந்து, இருபது கிலோ சக்கரத்தை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு ஓட்டையும் ஓட்டையும் நேராகப் பார்க்க வேண்டும். முதல் சக்கரத்துக்குக் காலைக் கீழே கொடுத்து, தோளை மேலே கொடுத்து, இருபது நிமிஷம். இரண்டாவதற்கு முன் லேத் பட்டறைக்குப் போனேன். பழைய வீல் போல்ட் ஒன்றின் தலையை அறுத்து, முனையை மழுக்கி, தலைப்பக்கம் ஸ்குரூ டிரைவர் நுழையும்படி ஒரு வெட்டு. ஐம்பது ரூபாய். அதை மேல் ஓட்டையில் கையால் முறுக்கிவிட்டு, சக்கரத்தை அதில் கோத்துத் தொங்கவிட்டால் போதும், மற்ற நாலு ஓட்டையும் தானாக நேராக வந்துவிடும். நாலு போல்ட் போட்ட பிறகு அதைக் கழற்றி ஐந்தாவதைப் போடுவது. மூன்று சக்கரமும் அரை மணி நேரத்தில் முடிந்தது. முறுக்கம் 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சு வைத்து. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிப்பது வேண்டாம், போல்ட் நீளும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை பார்த்தேன். டயரில் காற்று குறைந்தால் விளக்கெரிகிற வசதி சக்கரச் சுற்றை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கிறது, அதனால் மெனுவுக்குள் போய்ப் புது டயருக்குப் பழக்கிவிட வேண்டும்.

ரன்ஃபிளாட் போனதால், பஞ்சரானால் ஓட முடியாது. ஸ்டெப்னிக்கு டிக்கியில் இடமும் இல்லை. பஞ்சர் திரியும் 12 வோல்ட் காற்றுப் பம்பும் வாங்கி வைத்தேன்.

பம்பு இருக்கிறதே என்று காற்றைக் குறைத்தும் பார்த்தேன். வழக்கமான 32 பிஎஸ்ஐ-யிலிருந்து 24. மணலில் ஓட்டுகிறவர்கள் சொல்கிற வித்தை. தார் மேல் படிந்த மெல்லிய சேற்றில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. திரும்ப ஏற்றப் பம்பு கால் மணி நேரத்துக்கு மேல் உறுமியது. விட்டுவிட்டேன். மச்சானும் பனிக்காகக் காற்றைக் குறைப்பதில்லையாம். குளிரே குறைத்துவிடுகிறது, ஐந்தாறு டிகிரி இறங்கினால் ஒரு பிஎஸ்ஐ போய்விடும், அவன் ஏற்றிக்கொண்டே இருக்கிறான்.

அடுத்தது டிக்கியில் பாரம். அங்கே இதற்கென்றே நீளமான பையில் மணல் விற்கிறார்கள். பாரமும் ஆச்சு, மாட்டினால் பிரித்துச் சக்கரத்தடியில் போடவும் ஆச்சு. ஆற்றங்கரையில் குடியிருக்கிற எனக்கு மணல் மூட்டை வைக்கத் தைரியம் வரவில்லை. எந்தச் செக்போஸ்டில் என்ன பதில் சொல்வது? குறுவைக்கு அடுத்த பயிரான தாளடிக்குச் சித்தப்பா வாங்கி வைத்திருந்த ஆடுதுறை 39 விதைநெல்லில் இரண்டு மூட்டை, ஒவ்வொன்றும் 30 கிலோ, பத்து நாளைக்குக் கடன் வாங்கினேன்.

எங்கே வைப்பது என்பது முக்கியம். பின் சீட்டின் முதுகை ஒட்டி, சக்கர அச்சுக்கு நேர் மேலே. டிக்கியின் கடைசியில் வைத்தால் கயிற்றில் கட்டிய கல் மாதிரி, வால் ஒரு முறை வீச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. வலை போட்டுக் கட்டவும் வேண்டும். பின் அச்சில் 750 கிலோ சொச்சம் இருந்த இடத்தில் 60 கிலோ கூடினால் நூற்றுக்கு எட்டு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் மதகடியிலிருந்து கரை மேல் ஏறும் சரிவில், மூட்டை இல்லாமல் கடைசி மூன்றடியில் சுழன்று நின்ற கார், மூட்டையோடு ஏறியது. நாலு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிரேக் போடும்போது அந்த 60 கிலோவையும் சேர்த்து நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் நாள் காருக்குள் ஒரு வாசனை. கெட்ட வாசனை இல்லை. தெரிந்த வாசனை, ஆனால் காருக்குள் இருக்க வேண்டியது இல்லை. டிக்கியைத் திறந்தால் இடப்பக்க மூட்டை கதகதவென்று சூடாக இருந்தது. கைவிட்டுப் பார்த்தேன், நெல் ஈரம், ஒவ்வொன்றின் முனையிலும் வெள்ளை வெளேரென்று முளை. விதை ஊறவைத்து மூட்டம் போட்ட பதம், துளி பிசகில்லை. சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். வந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டியிருக்கு. நாத்தங்கால்ல தெளிச்சிடுவோம்."

தெளித்தார். முளைத்தது.

டிக்கிக்குள் தண்ணீர் எப்படி வந்தது? பாட்டரியும் வயர்களும் இருக்கிற இடம், விட்டு வைக்க முடியாது. மூட்டை, தரைவிரிப்பு, அடித்தட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். டார்ச்சோடு நான் உள்ளே படுத்துக்கொண்டேன், சித்தப்பாவின் பேரன் டிக்கியை மூடி, ஹோஸ் குழாயைப் பிடித்தான். கீழிருந்து மேலே போக வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். மேலே முதலில் ஊற்றினால் தண்ணீர் எங்கெங்கோ ஓடி எது ஓட்டை என்று தெரியாது. பம்பர் மட்டத்தில் ஐந்து நிமிஷம், ஒன்றுமில்லை. பின்விளக்கின் கீழ் விளிம்புக்கு வந்தான். ஒரு நிமிஷம் கழித்து, இடது விளக்கின் அடி நட் பக்கத்தில் ஒரு முத்து திரண்டது. நின்றது. கனத்து, உலோகத்தில் வழிந்து, அடித்தட்டுப் பள்ளத்தில் சொட்டியது. அடுத்தது திரண்டது. "கிடைச்சிடுச்சு" என்று உள்ளிருந்து கத்தினேன். பயல் டிக்கியைத் திறக்காமல் இன்னும் இரண்டு நிமிஷம் தண்ணீர் அடித்தான்.

விளக்கை வெளியே எடுப்பது சுலபம், உள்ளிருந்து கையால் திருகும் பிளாஸ்டிக் நட்டுகள்தான். அதைச் சுற்றியிருந்த நுரைப் பட்டை பதினாலு வருஷத்தில் அப்பளமாகியிருந்தது, தொட்டால் நொறுங்கியது. சுரண்டித் துடைத்து, கார்க் கண்ணாடி மாட்டுகிறவர்களிடம் கிடைக்கும் கறுப்புப் பிசின் பட்டையைச் சுற்றிலும் ஒட்டி, விளக்கைத் திரும்ப அமுக்கி மாட்டினேன். நட்டை விரல் இறுக்கத்துக்கு மேல் போக வேண்டாம், பிளாஸ்டிக் உடையும். வலது விளக்குக்கும் அதே வேலை. மறுபடி ஹோஸ், இந்த முறை பயலை உள்ளே படுக்க வைத்தேன். காய்ந்திருந்தது.

நெல்லுக்குப் பதில் இப்போது எம்.சாண்ட், இரண்டு பிளாஸ்டிக் பையில், கடை ரசீதோடு. சக்கரத்தடியில் போட எது நல்லது என்று ஒரு சாயங்காலம் சோதித்தோம். உமி மோசம், அதுவே உருண்டு வழுக்குகிறது. வைக்கோல் நீளமாக, சக்கரம் போகிற திசையிலேயே போட்டால் வாரி எறிந்துவிடுகிறது, குறுக்கே போட வேண்டும். எம்.சாண்ட் நல்லது. ரைஸ்மில் உமிச்சாம்பல் அதைவிட நல்லது, களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. ஆனால் காற்றடித்தால் முகமெல்லாம் சாம்பல்.

இனி ஓட்டுவது. சித்தப்பா என்னை நெல் காயவைக்கும் சிமெண்ட் களத்துக்குக் கூட்டிப் போனார். அறுப்பு ஓய்ந்து காலியாகக் கிடந்தது, டிராக்டர்கள் இழுத்துவந்த சேறு நனைந்து கிடந்தது. கனடாவில் காலி பார்க்கிங்கில் இதே பழக்கத்தைச் செய்வார்களாம். ஏறி உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "செருப்பைக் கழட்டு."

வெறுங்காலில் மிதித்தால் பெடல் எவ்வளவு இறங்குகிறது என்று பெருவிரலுக்குத் தெரிகிறது. பூட்ஸ் போட்ட மச்சானுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. கியரைக் கையால் மாற்றும் பக்கம் தள்ளி, நின்ற இடத்திலேயே 2 வைத்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை மட்டும் விட்டால் கார் தானாக ஊரும். ஊர்ந்த பிறகு பெருவிரல் அழுத்தம், அவ்வளவுதான். பிறகு பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் வேண்டுமென்றே வாலை வீசவிட்டோம். வீசும்போது செய்ய வேண்டியது காலை மெதுவாகத் தளர்த்துவது, போக வேண்டிய இடத்தைப் பார்ப்பது, கை தானாக அந்தப் பக்கம் திருப்பும். நான் செய்தது காலை வெடுக்கென்று எடுத்தது, திருப்பிய ஸ்டியரிங்கைத் திரும்பக் கொண்டுவர மறந்தது. வால் மறுபக்கம் வீசியது. களத்தில் அது சிரிப்பு. கரை ரோட்டில் ஆறு.

டிராக்ஷன் பட்டன் விஷயம். சக்கரம் வெறுமனே சுழலாமல் பார்த்துக்கொள்கிற எலக்ட்ரானிக்ஸைத் தளர்த்துகிற பட்டன் அது. ஒரு தடவை அழுத்தினால் பின்சக்கரத்தைக் கொஞ்சம் சுழலவிடும், ஆனால் கார் பக்கவாட்டில் திரும்பினால் பிடித்துக்கொள்ளும். மூன்று விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் முழுக்க அணையும். அன்றைக்கு மாட்டியபோது எஞ்சின் முனகியதன் காரணம் இதுதான். சக்கரம் சுழல்கிறது என்று கண்டதும் எலக்ட்ரானிக்ஸ் சக்தியை வெட்டிவிட்டது. ஓடும்போது அது காவல், புதைந்த பிறகு அதுவே தடை. ஒரு தடவை அழுத்தியிருந்தாலே வெளியே வந்திருக்கலாம். முழுக்க அணைத்துவிட்டு ரோட்டில் ஓட்டும் வீரம் எனக்கு வேண்டாம்.

சித்தப்பா இன்னொரு வித்தை காட்டினார். ஒரு பின்சக்கரம் மட்டும் சுழன்று மற்றது சும்மா நிற்கும்போது, ஹேண்ட்பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்துக்கொண்டு மிதிப்பது. சுழல்கிற சக்கரம் தடுக்கப்பட, எஞ்சின் சக்தியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் வழியாகச் சக்தி மற்றதுக்குப் போகும். அம்பாசடர் காலத்து வேலை. இன்றைக்கு எலக்ட்ரானிக்ஸ் ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து இதையேதான் செய்கிறது. என் காரில் கம்பி இழுக்கிற ஹேண்ட்பிரேக் இருப்பதால் முடிந்தது, பட்டன் ஹேண்ட்பிரேக்கில் முடியாது.

நிறுத்தும் தூரத்தைப் பற்றி மச்சான் சொன்னது கணக்குக்கு ஒத்துவந்தது. 40 கிலோமீட்டர் வேகத்தில் காய்ந்த தாரில் ஒன்பது மீட்டரில் நிற்கும். அமுங்கிய பனியில் பிடிப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும், முப்பது மீட்டரைத் தாண்டும். நாலு சக்கர இழுவையும் நல்ல டிராக்ஷனும் கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது. அங்கே பள்ளத்தில் கிடக்கிற வண்டிகளில் பெரிய நாலு சக்கர இழுவை ஜீப்புகளுக்குக் குறைவில்லை என்கிறான். சேற்றுக்கும் இதுவே.

எப்போது பயப்பட வேண்டும் என்பதில் இரண்டு பேரும் ஒரே மாதிரி பேசியது எனக்கு வியப்பு. சித்தப்பா சொல்வார்: "மழை கொட்டினா ஓட்டலாம், தூறினா நின்னுடு." கொட்டுகிற மழை சேற்றைக் கழுவிவிடும், தூறல் அதைக் குழைத்துவிடும். மச்சானுக்கு மைனஸ் இருபது பயமில்லை, பூஜ்யத்தை ஒட்டித்தான் பயம். பனிக்கட்டி மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கும் நேரம் அது.

கார்த்திகை முழுக்க ஓட்டினேன். தாரை விட்டு இறங்காதவரை பிரச்சினையில்லை. இறங்கினால் எந்த வித்தையும் கிடையாது. பனிக்கு அடியில் தரை உண்டு, வயலோரக் களிமண்ணுக்கு அடி என்று ஒன்று கிடையாது, ஒல்லி டயர் இன்னும் சுலபமாகப் புதையும். அதனால் எதிரே பஸ் வந்தால் நான் ஓரம் கட்டுவதில்லை. ரிவர்ஸில் மதகு வரைக்கும் போய் நிற்கிறேன். பஸ் டிரைவர்கள் இப்போது பழகிவிட்டார்கள்.

மார்கழியில் ஒரு சில்லறைத் தொந்தரவு. தஞ்சாவூர் ரோட்டில் 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் உதறியது. டயர் கடையில் பாலன்ஸ் செய்தார்கள், இரண்டு நாள் சரியாக இருந்து மறுபடி உதறியது. இன்னொரு கடை, இன்னொரு பாலன்ஸ், அதே கதை. ரிம் வளைந்திருக்கும், மாற்ற வேண்டும் என்றார்கள். மச்சானிடம் புலம்பினேன். "ரிம்முக்குள்ள கைய விட்டுப் பாத்தியா? எனக்கு ஐஸ் அடைஞ்சா இப்படித்தான் உதறும்" என்றான். சக்கரத்தைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்தேன். ஒரு பக்கமாகக் களிமண் அப்பி, காய்ந்து, செங்கல் மாதிரி ஒட்டியிருந்தது. பாலன்ஸ் ஈயத்தை அதன் மேலேயே ஒட்டியிருந்தார்கள். கட்டைக் கரண்டியால் பெயர்த்து, சமையலறைத் தராசில் வைத்தேன். முன் இடது 380 கிராம், முன் வலது 210. இப்போது வாரம் ஒரு தரம் வாய்க்கால் துறையில் ஹோஸைச் சக்கரத்துக்கு உள்பக்கமாகப் பிடித்துக் கழுவுகிறேன், காய்வதற்கு முன்பே. பின்சக்கரம் இரண்டையும் இன்னும் கழற்றிப் பார்க்கவில்லை, பொங்கல் லீவில் பார்க்க வேண்டும்.